கடிக்கிற குதிரையை யாரிடம் கொடுப்பது?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர் எட்டு மாதத்துக்கு முன்னால் தொழிலை மூடினார். எலும்பும் தோலுமாய் நின்ற வெள்ளைப் பெட்டைக் குதிரையைப் பார்க்கப் பொறுக்காமல் வாங்கி வந்தீர்கள். பெயர் ராணி, வயது ஒன்பது என்றார்கள். உடம்பு தேறத் தேறக் குணம் கெட்டுவிட்டது. தீனி வைக்கப் போகிறவரைக் கடிக்கிறது. சேணம் வைத்து வயிற்றுவாரை இறுக்கினால் திரும்பிப் பாய்கிறது. லாடக்காரரைப் பின்காலைத் தொட விடுவதில்லை. கேட்டைத் தாண்டினால் முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போன மாதம் தோட்டத்தாளுக்குத் தோளில் கடி, ஆறு தையல். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் விற்கலாமா, ரைடிங் ஸ்கூலுக்குச் சும்மா கொடுக்கலாமா, காப்பகம் ஏதாவது எடுத்துக்கொள்ளுமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் எல்லாக் குதிரையையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் இப்போது கொடுத்தால், எதைக் கொடுக்கிறோம் என்று உங்களுக்கே தெரியாமல் கொடுப்பீர்கள். அது வலியில் கடிக்கிறதா, பயத்தில் கடிக்கிறதா, பழக்கத்தில் கடிக்கிறதா? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. ஒரு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் செய்ய வேண்டியதைத்தான் கீழே எழுதுகிறேன்.

என் தாத்தா பழனியில் ஜட்கா ஓட்டியவர். நான் இருபத்திரண்டு வருடம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் லாயத்தைப் பார்த்துக்கொண்டேன். கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவம் சம்பந்தமாக நான் சொல்வதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது. குழந்தை லாயத்துப் பக்கமே போகக் கூடாது, யார் கையைப் பிடித்துக்கொண்டு போனாலும் கூடாது. வெல்லம், கேரட் எதையும் கையால் ஊட்டுவதை நிறுத்துங்கள். தீனியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாளியில் வையுங்கள். சவாரி வேண்டாம், சேணமே வேண்டாம். பிடித்து நடத்த வேண்டியிருந்தால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. அப்படிச் சுற்றி விரலை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கி வந்தபோது சாதுவாக இருந்தது, தேறிய பிறகு கெட்டுவிட்டது என்கிறீர்கள். மீட்டு வந்த குதிரைகளில் இது வழக்கம். பட்டினி கிடந்த குதிரைக்கு எதிர்ப்புக் காட்டக்கூடத் தெம்பு இருக்காது. நாம் அதைச் சாந்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்று, நான்கு மாதம் நல்ல தீனி உள்ளே போன பிறகுதான் அதற்குள் இருந்த வலியும் பயமும் வெளியே வரும். கெடுத்தது நீங்கள் இல்லை.

அடுத்தது உடம்பு. நம் ஊரில் கால்நடை மருத்துவர்களுக்கு மாடு ஆடு அத்துபடி. குதிரை பார்த்துப் பழகியவர்கள் குறைவு. உள்ளூரில் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். மருத்துவர் வரும்போது பொதுவாக ‘குணம் சரியில்லை’ என்று சொல்லாதீர்கள். இன்ன இடத்தைத் தொட்டால் இன்னது செய்கிறது என்று சொல்லுங்கள்.

வாயிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். குதிரையின் கடைவாய்ப் பற்கள் வாழ்நாள் முழுவதும் ஈறிலிருந்து எழும்பிக்கொண்டே இருக்கும். மெல்லும்போது ஒன்றோடொன்று தேய்ந்து ஓரங்கள் பிளேடு போலக் கூராகும். மேல்வரிசை கன்னத்தைக் கிழிக்கும், கீழ்வரிசை நாக்கைக் கிழிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது அரத்தால் ராவி மழுக்க வேண்டும். உங்கள் ராணிக்கு யாராவது எப்போதாவது ராவியிருப்பார்களா என்பது சந்தேகம். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் கருவி மாட்டி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அப்படியே நாக்கின் மேலும், பல் இல்லாத ஈறுத் திட்டின் மேலும் பழைய தழும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கல்யாணக் குதிரைகளில் முள் கடிவாளம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் வருட விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்து அறுபது வருடமாகிறது. அந்த விதி எந்த லாயத்துச் சுவரிலும் ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

வாய் திறந்திருக்கும்போதே வயதையும் பார்த்துவிடலாம். குதிரை விற்கிறவர்கள் வாயில் எட்டு, ஒன்பதைத் தாண்டி வயது வருவதே இல்லை. பால்பல் விழுந்து முளைக்கிற ஐந்து வயது வரைதான் துல்லியமாகச் சொல்ல முடியும். ஆனால் மேல்தாடையில் ஓரத்து வெட்டுப்பல்லில் பத்து வயதையொட்டி ஈறருகே ஒரு பழுப்புக் கோடு தோன்றும். பதினைந்தில் பாதிப் பல் வரை, இருபதில் பல் முழுக்க இறங்கியிருக்கும். அந்தக் கோடு பாதியைத் தாண்டியிருந்தால் உங்கள் ஒன்பது வயதுக் குதிரைக்குப் பதினைந்துக்கு மேல். அப்போது அதை எங்கே அனுப்புவது என்ற கணக்கே வேறு.

வயிற்றுவாரை இறுக்கினால் பாய்கிறது என்றதும் எனக்கு வயிற்றுப்புண்தான் முதலில் தோன்றியது. நமக்குச் சாப்பிடும்போது அமிலம் அதிகமாகச் சுரக்கும். குதிரைக்கு நாள் முழுவதும் சுரந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அது நாள் முழுவதும் மேய்வதற்காகப் படைக்கப்பட்டது. எச்சில் சுரப்பதோ மெல்லும்போது மட்டும். மாலை ஆறு மணிக்கு அலங்காரம் பண்ணி, மண்டப வாசலில் நிறுத்தி, நடுராத்திரி வரை ஒரு பிடி புல் இல்லாமல் வைத்திருந்தால் அமிலம் வெறும் வயிற்றைத்தான் அரிக்கும். வருடக்கணக்கில் இது நடந்திருக்கும். எண்டோஸ்கோப்பி வசதி கிடைக்காவிட்டால், சில மருத்துவர்கள் அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் மருந்தை நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, குணம் மாறுகிறதா என்று கவனிப்பார்கள். நம் வீட்டு மாத்திரையை எண்ணிப் போடக் கூடாது. அளவு, வகை எல்லாமே வேறு.

இதோடு தீனியை மாற்றாவிட்டால் மருந்தால் பயனில்லை. எடை தெரிந்தால்தான் அளவு தெரியும். டேப்பை எடுத்து மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை வரும். சுற்றளவு 160, நீளம் 155 என்றால் சுமார் 334 கிலோ. அந்த எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை தினமும் காய்ந்த தீவனம், அதாவது ஐந்து முதல் ஆறரைக் கிலோ, நான்கைந்து வேளையாகப் பிரித்துப் போக வேண்டும். கொள்ளு அவித்து வைத்தால் குதிரை தேறும் என்பது நம் ஊர் நம்பிக்கை. தேறத்தான் செய்யும், ஆனால் புல் குறைந்து கொள்ளு கூடினால் வயிறு கெடும், குணமும் கெடும். நீங்கள் கொடுக்கிற இரண்டரைக் கிலோ கொள்ளு சவாரியே இல்லாத குதிரைக்கு மிக அதிகம். மெதுவாகக் குறையுங்கள்.

தோப்பில் என்ன புல் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் என்றால் கோ-4 நேப்பியராக இருக்கலாம். மாட்டுக்கு அருமையான புல்தான். குதிரைக்கு அதை மட்டுமே போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்பு எலும்பிலிருந்து அதை உருவும். மாதக்கணக்கில் போனால் நொண்டல், முகவீக்கம் வரை போகும். கொரங்காடு என்கிற மானாவாரி மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லுக்கும் இதே குறை உண்டு. குதிரை மசால் கொஞ்சம் சேர்த்தால் சரிக்கட்டும். பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனத்தைப் பாலுக்காக மாட்டுக்குப் போட்டுவிட்டு, மாட்டுப் புல்லைக் குதிரைக்குப் போடுகிறோம். வரப்பில் அருகம்புல் இருந்தால் மேய விடுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: மாட்டுத்தீவன மூட்டை, கோழித்தீவன மூட்டை இரண்டும் குதிரைக்கு எட்டக் கூடாது. அவற்றில் சிலவற்றில் சேர்க்கிற மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைக் கொல்லும்.

முதுகை நீங்களே பார்க்கலாம். சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறிய இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கும். கருப்பு, செம்பழுப்புக் குதிரைகளில் தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளைக் குதிரையில் கண்ணுக்குத் தெரியாது, அதனால் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தோள்மேட்டிலும் அதற்குப் பின்னாலும் தோல் தடித்திருக்கிறதா, அழுத்தினால் முதுகைத் தாழ்த்துகிறதா, காதை மடக்குகிறதா? கல்யாணச் சேணத்தில் வெள்ளித்தகடும் ஜரிகையும் இருக்கும், முதுகுக்கு ஏற்ற வளைவு இருக்காது.

பின்காலைத் தர மறுப்பதற்கு மூட்டுவலி காரணமாக இருக்கலாம், மூத்திரச் சேற்றில் நின்று குளம்பு அழுகியிருக்கலாம். கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்திலிருந்து போனால் மட்டும் மிரள்கிறது என்றால் அந்தக் கண்ணில் பார்வை போயிருக்கக்கூடும். பெட்டை என்பதால் நாள்காட்டியில் கடித்த நாட்களைக் குறித்து வாருங்கள். பருவச் சுழற்சி சுமார் இருபத்தொரு நாள். அதோடு ஒத்துப்போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அபூர்வமாகச் சூலகத்தில் கட்டி வந்து பெட்டை ஆண் குதிரை மாதிரி மூர்க்கமாவது உண்டு.

அதே வருகையில் ரத்தம் எடுத்துவிடுங்கள். ஈ கடித்துப் பரவும் சர்ரா என்ற நோய் நம் பக்கம் உண்டு. கிளாண்டர்ஸ் சோதனையையும் கட்டாயம் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய், உறுதியானால் குதிரையைக் கொன்றுதான் ஆக வேண்டும். அந்தச் சோதனைக்கு ஹரியானாவில் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முடிவு கையில் இல்லாமல் இன்னொருவர் லாயத்துக்கு அனுப்பாதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

இனி, கேட்டில் முன்னங்காலைத் தூக்குகிற விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். நீங்கள் அதை மூர்க்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பந்தயம் கட்டுகிறேன், அது மூர்க்கம் இல்லை, தொழில்.

ஊர்வலக் குதிரைக்கு நாட்டியம் பழக்குவார்கள். மேளம் அடிக்கும்போது கடிவாளத்தை மேல்நோக்கிச் சுண்டி, முழங்காலில் சாட்டை நுனியால் தட்டி, கால் தூக்கினால் அடி நிற்கும் என்று கற்றுக்கொடுப்பார்கள். சுண்டினால் தூக்கு, தூக்கினால் வலி நிற்கும். குதிரை எதைச் செய்தபோது வலி நின்றதோ அதையே கற்றுக்கொள்ளும். இப்போது உங்கள் கேட்டுக்கு வருவோம். மாடுகளையும் தோப்பையும் விட்டு வெளியே போகத் தயங்கி ராணி நிற்கிறது. தோட்டத்தாள் கயிற்றை மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டுகிறார். அது தனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொல்கிறது, எழுந்து நிற்கிறது. அவர் பயந்து கயிற்றை விடுகிறார். வலி நின்றுவிட்டது. சொல்லிக்கொடுத்த வாத்தியார் பொள்ளாச்சிக்கே வந்துவிட்டார் என்று அது நினைத்திருக்கும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கடிவாளம் வேண்டாம், ஹால்டர் மட்டும், அதாவது வாய்க்குள் கம்பி போகாத தலைவார். கேட்டுக்கு முன்னால் இல்லை, அதன் சொந்த இடத்தில். கயிற்றைக் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் பிடித்து, முறுக்கு ஏறாத அளவுக்கு மெல்லிய இழுப்பு. ஒரு அடி முன்னால் வைத்த அதே நொடியில் கயிற்றைத் தளர்த்துங்கள். நொடி தப்பக் கூடாது. மூன்று நொடி கழித்துத் தளர்த்தினால் அந்த மூன்றாவது நொடியில் எதைச் செய்துகொண்டிருந்ததோ அதற்குத்தான் பரிசு கிடைத்ததாக எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், இரண்டு வேளை. நேருக்கு நேர் நிற்காதீர்கள், தோள்பக்கம் நில்லுங்கள். ஒன்றரை மாதத்தில் கேட்டுக்கு வந்துவிடலாம். ஒரு மாடு முன்னால் போக, பின்னால் இது போகட்டும். உங்கள் தோப்பில் வேறு குதிரையே இல்லை என்பதும் அதன் கஷ்டத்தில் ஒரு பங்கு. கூட்டத்து மிருகத்தை எட்டு மாதம் தனியாக வைத்திருக்கிறீர்கள். ஒரு மட்டக்குதிரையோ கழுதையோ பக்கத்தில் இருந்தாலே பாதி பதற்றம் தணியும்.

அடிக்கலாமா என்று உங்கள் மாமா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மாமாவிடம் சொல்லுங்கள், அதை நன்றாக அடித்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், பலன் தோட்டத்தாளின் தோளில் தெரிகிறது.

மூன்று மாதத்தில் நீங்கள் ஒருவர் பிடித்தால் மட்டும் சாந்தமாக நிற்கிறது என்றால், குணமாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 1858-இல் ஜான் ராரி என்ற அமெரிக்கர் இங்கிலாந்தில் டார்செஸ்டர் பிரபுவின் குரூசர் என்ற பொலிகுதிரையை அடக்கிக் காட்டினார். வாயில் இரும்புக்கூடு மாட்டி வைத்திருந்த அளவுக்குக் கொடிய குதிரை அது. லண்டனே வியந்தது. முன்னங்காலை மடக்கி வாரால் கட்டிக் களைக்க வைக்கிற அவருடைய முறையை இன்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தக் கதையில் முக்கியம் அதன் பிற்பகுதி. ராரி குரூசரை இன்னொருவர் கையில் விட்டுவிட்டுப் போகவில்லை, ஓஹியோவிலுள்ள தன் ஊருக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டார். 1866-இல் அவர் இறந்தபோதும் குரூசர் உயிரோடு இருந்தது. தனக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ள உயிலில் ஏற்பாடு செய்திருந்தார். உங்களால் அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்பதால்தானே கேட்கிறீர்கள். ஆகவே உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர், அதில் ஒருவராவது முன்பின் தெரியாதவர், ஹால்டர் மாட்டி நடத்தி நான்கு காலையும் தூக்கிப் பார்த்த பிறகுதான் ‘பழகிவிட்டது’ என்ற சொல்லை வெளியே சொல்லலாம்.

இப்போது நீங்கள் கேட்ட இடங்கள்.

அந்தியூர். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையை நான் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன், எனக்கு அந்த இடம் பிடிக்கும். நல்ல குதிரைக்கு நல்ல ஆள் அங்கேயே கிடைப்பதும் உண்டு. ஆனால் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில், கழுத்தில், மார்பில் முடிச்சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த பேச்சு. சுழி சுத்தமில்லாத, வயதான, கடிக்கிற பெட்டை என்றால் அதை விரும்பி வாங்க வருகிறவர் இருக்க மாட்டார். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்தான் வருவார். அவர் அதை இன்னும் மலிவாக வேறொருவருக்குத் தள்ளுவார். குறையைச் சொல்லி விற்றால் விலை போகாது, சொல்லாமல் விற்றால் யாரோ ஒருவர் அடிபடுவார்.

இதை எந்தத் தகுதியில் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்திருக்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு செம்பழுப்பு ஆண் குதிரை இருந்தது. எழுந்து நின்றால் அப்படியே மல்லாக்க விழும். அதைவிட ஆபத்தான பழக்கம் குதிரைக்குக் கிடையாது. கீழே மாட்டினால் ஆள் காலி. காலையில் நன்றாக ஓடவிட்டுக் களைக்க வைத்து, சந்தையில் சாதுவாக நிறுத்தினேன். வாங்கியவர் கேட்டார்: “எந்திரிக்குமாங்ண்ணா?” “இல்லீங்க” என்றேன். அடுத்த தைக்கு ஒரு ரேக்ளா பந்தயத்தில் அதைப் பார்த்தேன். கழுத்துத் தழும்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முள் கடிவாளம், வாயோரம் ரத்த நுரை. எந்திரிப்பதை நிறுத்துவதற்காக மாட்டியது என்றார் வண்டிக்காரர். நான் விற்றவருக்கும் அவருக்கும் நடுவில் மூன்று கை மாறியிருந்தது. ஏன் எந்திரிக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அதன் பின்பல் ஒன்று உடைந்திருந்தது. கடிவாளம் அதில் பட்டால் எழும். பத்து வார்த்தையில் சொல்லியிருக்கலாம். திரும்ப வாங்கக் கேட்டேன், என்னால் கொடுக்க முடியாத விலை சொன்னார்.

ரைடிங் ஸ்கூலுக்கு, கடிக்கிற பழக்கம் முழுதாகப் போன பிறகு கேளுங்கள். அங்கே பழக வருகிறவர்கள் குழந்தைகள். காப்பகம் என்றால் நீலகிரியில் மாவனல்லாப் பக்கம் கழுதை, குதிரைகளை வைத்துப் பராமரிக்கிற இடம் உண்டு. கேட்டுப் பாருங்கள். ஆனால் காப்பகங்களில் இடம் எப்போதும் குறைவு, காலொடிந்ததும் கண் போனதும் வரிசையில் நிற்கும். தோப்பும் தீனியும் உள்ள உங்களுடைய குதிரை அந்த வரிசையில் கடைசியில்தான் இருக்கும், அது நியாயமும்கூட. ‘ஊட்டிப் பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டால் மேய்ந்து பிழைத்துக்கொள்ளும்’ என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஊட்டித் தெருக்களில் குப்பைத்தொட்டியைக் கிளறி பிளாஸ்டிக் தின்கிற குதிரைகளில் பல அப்படி அவிழ்த்துவிடப்பட்டவைதான். பட்டினியும் தாகமும் வரும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம் என்று அன்றைக்கு எழுதி வைத்தார்கள். தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரும்.

நீங்கள் தேட வேண்டிய ஆள் ஒரே மாதிரிதான் இருப்பார்: ஏற்கெனவே இரண்டு, மூன்று குதிரை வைத்திருப்பவர், சவாரி பண்ணியே தீர வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர், சின்னக் குழந்தை இல்லாத இடம். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஆசைக்காகக் குதிரை வைத்திருக்கிற விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். லாடக்காரரைக் கேளுங்கள். எந்த லாயத்தில் குளம்பு ஒழுங்காக இருக்கிறது, எந்த லாயத்தில் குதிரை மனிதரைக் கண்டால் ஒதுங்குகிறது என்று தரகரைவிட அவருக்குத்தான் தெரியும். போய்ப் பார்க்கும்போது அவருடைய குதிரைகளின் வாயோரத்தைப் பாருங்கள், அங்கே புண் இருந்தால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். அவரும் உங்கள் இடத்துக்கு மூன்று தடவையாவது வந்து ராணியைக் கையாண்டு பார்க்கட்டும். கடித்த கதையை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், தையல் எண்ணிக்கையோடு. அதைக் கேட்டு ஓடுகிறவர் ஓடட்டும்.

சும்மா கொடுக்க வேண்டாம், ஒரு தொகை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு மாதம் பார்த்துவிட்டு ஒத்துவராவிட்டால் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்கள், ஊர்வலத்துக்கும் வண்டிக்கும் விடக் கூடாது, குட்டி போட வைக்கக் கூடாது, எப்போது கைமாற்றினாலும் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும். கடைசி நிபந்தனையை அசட்டை செய்யாதீர்கள். 1986-இல் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட் அமெரிக்காவின் பேர்போன பந்தயக் குதிரை. 1994-இல் ஜப்பானுக்கு இனப்பெருக்கத்துக்காக விற்கப்பட்டது, அங்கே கைமாறி 2002-வாக்கில் இறைச்சிக்கூடத்துக்குப் போனதாகப் பிறகுதான் தெரியவந்தது. அதற்கப்புறம்தான் ‘வேண்டாம் என்றால் எங்களுக்கே திருப்பிக் கொடு’ என்ற வரியை விற்பனைப் பத்திரத்தில் சேர்க்கிற பழக்கம் அங்கே பரவியது. டெர்பி ஜெயித்த குதிரைக்கே அந்த நிலை.

பத்திரத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு நோட்டுப்புத்தகம். நாற்பது பக்க நோட்டு போதும். அதில் ராணியின் ஜாதகத்தை எழுதுங்கள். எங்கே வாங்கினீர்கள், என்ன தொழில் செய்தது, பல்லில் என்ன கண்டார்கள், எந்தத் தேதியில் ராவினார்கள், எந்தப் பக்கக் கண்ணில் என்ன, முதுகில் எங்கே தடிப்பு. கயிற்றை மேலே சுண்டினால் எழுந்து நிற்கும், கீழே பிடித்தால் நடக்கும். பட்டாசுக்கு மிரளும், தவிலுக்கு மிரளாது அல்லது மிரளும். பச்சைத் தலைப்பாகை கட்டியவரைக் கண்டால் காதை மடக்குகிறது என்றால் அதையும். யாரை எப்போது கடித்தது, அப்போது அவர் கையில் என்ன இருந்தது. காலையில் கழுத்தைச் சொறிந்தால் உதட்டை நீட்டிக் கண்ணை மூடும் என்பதையும் எழுதுங்கள், நல்லது மட்டும் தனியாக வராது, கெட்டது மட்டும் தனியாகவும் வராது. இதை வாங்குகிறவரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் கைமாற்றினால் நோட்டும் சேர்ந்து போக வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி போடுங்கள். நான் விற்ற அந்தச் செம்பழுப்புக் குதிரையோடு இப்படி ஒரு பக்கம் போயிருந்தால் அந்த வண்டிக்காரர் முள்ளைத் தேடிப் போயிருக்க மாட்டார். அவர் கெட்டவரில்லை, பேசிப் பார்த்தேன்.

அனுப்புகிற நாளைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. இரண்டு வாரம் முன்பே வண்டியை நிறுத்தி அதில் ஏறித் தீனி தின்னப் பழக்குங்கள். தளத்தில் மணலோ உமியோ பரப்புங்கள், வெயில் இறங்கிய பிறகு கிளம்புங்கள். அதன் வாளி, ஹால்டர், பத்து நாள் தீனி கூடவே போகட்டும். புதுத் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிறு முறுக்கினால் உயிருக்கே ஆபத்து. புது இடத்தில் முதல் பத்து நாள் பழைய குணம் திரும்பத் தலைகாட்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நான்காம் நாள் போன் வரும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் இல்லை. மூன்று மாதம் கழித்து மருத்துவர், தீர்க்க முடியாத வலி இருக்கிறது என்று சொல்லலாம். அல்லது எல்லாம் செய்தும் அது ஆளைத் தேடி வந்து கடிக்கலாம், தெரிந்தவர் யாரும் எடுக்க முன்வராமல் போகலாம். அப்போது மருத்துவர் கையால், தன் இடத்தில், தீனி தின்றுகொண்டிருக்கும்போதே மயக்க ஊசி போட்டு முடித்துவைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். வீட்டில் பாவம் என்பார்கள். சந்தையில் நான்கு கை மாறி, ஐந்தாவது கையில் நொண்டியபடி முடிவதை அவர்கள் பார்த்ததில்லை. நான் இரண்டு குதிரைக்கு அப்படிச் செய்திருக்கிறேன். இரண்டுக்கும் வருத்தம் உண்டு, சந்தையில் விற்ற அந்த ஒன்றுக்கு இருக்கிற அளவுக்கு இல்லை. அந்த நிலை வந்தால் முதல் நாளே ஜேசிபி சொல்லிக் குழியை ஆழமாக வெட்டிவிடுங்கள், நாய் தோண்டாத அளவுக்கு. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த வரையில் ராணி அந்த இடத்துக்குப் போகிற குதிரையாக எனக்குப் படவில்லை. கடித்ததெல்லாம் தீனி நேரத்தில், கையில் தடி வைத்திருந்தவரை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, தேடினால் அகப்படும்.

வாங்கும்போது அதோடு வந்த பழைய கடிவாளம் இன்னும் உங்களிடம் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். வாய்க்குள் போகிற கம்பியை விரலால் தடவிப் பாருங்கள், பல்லோ முள்ளோ தட்டுப்படுகிறதா என்று. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்துப் போட்டோ எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், மருத்துவர் பல் பார்த்த அன்றைக்கே.